கப்பல் வாங்கலாம், பங்கு வாங்கக் கூடாது

2025 ஆகஸ்ட் 31 அன்று நார்வே அரசு ஒரு பெரிய கொள்முதலை அறிவித்தது. நீர்மூழ்கிகளை மோப்பம் பிடித்து வேட்டையாடும் டைப் 26 ரகப் போர்க்கப்பல்கள், குறைந்தது ஐந்து. மதிப்பு சுமார் 1,000 கோடி பவுண்டு. கட்டித்தரப்போவது பிரிட்டனின் பிஏஇ சிஸ்டம்ஸ்.

வேடிக்கை என்னவென்றால், அதே பிஏஇ சிஸ்டம்ஸின் ஒரு பங்கைக்கூட நார்வேயின் அரசு ஓய்வூதிய நிதி வாங்கக் கூடாது. 2006 ஜனவரியில் முதலில் போட்ட தடை அது. விமானப்படையிலும் இதே கதைதான். நார்வே 52 எஃப்-35 போர் விமானங்களை வாங்கியிருக்கிறது. அவற்றைச் செய்யும் லாக்ஹீட் மார்ட்டின் 2005-லேயே அந்த நிதியின் விலக்குப் பட்டியலில் ஏறிவிட்டது.

அரசு பட்ஜெட்டில் அந்தக் கம்பெனியிடம் சரக்கு வாங்கலாம், சேமிப்புப் பணத்தில் அதன் பங்கை வாங்கக் கூடாது. இரட்டை வேடம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். நார்வேயிலேயே பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்தத் தடை எதற்காக வந்தது, யார் கொண்டுவந்தது என்று பின்னால் போய்ப் பார்த்தால் விஷயம் அவ்வளவு லேசாக இல்லை.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் பத்திரிகைகளில் 'பங்கு விலக்கல்' என்றால் அரசு தன் பொதுத்துறை நிறுவனத்தின் பங்கை விற்பது. கஜானாவுக்குப் பணம் வேண்டும், விற்கிறார்கள். இங்கே பேசுவது அது இல்லை. லாபம் வந்தாலும் பரவாயில்லை, இந்தத் தொழிலில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று விற்றுவிட்டு வெளியேறுவது.

எல்லாவற்றிலும் கொஞ்சம்

வடகடலில் எகோஃபிஸ்க் என்ற இடத்தில் 1969-ல் எண்ணெய் கிடைத்தது. 1990-ல் அந்த எண்ணெய்ப் பணத்தைச் சேர்த்துவைக்கும் நிதிக்கான சட்டம் வந்தது. 1996-ல் முதல் பணம் போட்டார்கள், சுமார் 200 கோடி குரோனர். 2024 கடைசியில் அது 19.7 லட்சம் கோடி குரோனராக நின்றது. நாட்டின் மக்கள்தொகையே சுமார் 56 லட்சம்தான். பிறந்த குழந்தை உட்பட தலைக்கு 35 லட்சம் குரோனர் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஓய்வூதிய நிதி என்ற பெயர் 2006-ல்தான் வந்தது. அதுவரை பெட்ரோலிய நிதி. பெயரில் ஓய்வூதியம் இருக்கிறதே தவிர, இதிலிருந்து யாருக்கும் மாதாமாதம் பென்ஷன் போவதில்லை. அரசு தன் பட்ஜெட்டுக்காக ஆண்டுக்குச் சுமார் 3 சதவீதம் எடுத்துக்கொள்ளலாம். 2017-க்கு முன்பு இந்த வரம்பு 4 சதவீதமாக இருந்தது. மிச்சமெல்லாம் வரப்போகிற தலைமுறைக்கு. வட்டியைச் சாப்பிடு, அசலில் கை வைக்காதே என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுதான், கொஞ்சம் பெரிய அளவில்.

பணத்தை நிர்வகிப்பது நார்வே மத்திய வங்கியின் ஒரு பிரிவு. நார்வேக்குள் முதலீடு செய்வதில்லை. வெளிநாடுகளில் ஆயிரக்கணக்கான கம்பெனிகளில் பங்கு வைத்திருக்கிறது. உலகில் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட எல்லாக் கம்பெனிகளையும் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு இந்த ஒரு நிதியிடம் இருக்கிறது. இவ்வளவு பெரிய பணம் நல்ல கம்பெனி எது என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாங்குவதில்லை. பெரும்பாலும் பங்குச் சந்தைக் குறியீட்டெண்ணில் உள்ள எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிப் போடுகிறது. அதனால் இங்கே கேள்வி 'எதை வாங்கலாம்' என்பது இல்லை, 'எதை மட்டும் வேண்டாம் என்று தள்ளலாம்' என்பதுதான். எதையும் சொல்லாமல் விட்டால் தானாகவே எல்லா ஆயுதக் கம்பெனிக்கும் நீங்கள் சொந்தக்காரர்.

இது நார்வேக்காரர்களுக்கு மட்டும் உள்ள நிலை இல்லை. நம் ஊர் பி.எஃப். நிறுவனமும் 2015 ஆகஸ்ட் முதல் வரவில் ஒரு பகுதியை, குறியீட்டெண்ணைப் பின்பற்றும் இடிஎஃப் நிதிகள் வழியாகப் பங்குச் சந்தையில் போடுகிறது. ராடாரும் ஏவுகணைக் கட்டுப்பாட்டு மின்னணுக் கருவிகளும் செய்யும் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 2024 செப்டம்பரில் நிஃப்டி 50 குறியீட்டெண்ணில் சேர்ந்தது. சம்பளச் சீட்டில் பி.எஃப். பிடித்தம் உள்ள திருப்பூர் தொழிலாளிக்கும் அதில் ஒரு தூசி அளவு பங்கு உண்டு. அவரை யாரும் கேட்கவில்லை. நார்வேயில் கேட்டார்கள் என்பதுதான் வித்தியாசம்.

மிதிவெடியில் தொடங்கியது

முதலில் வெளியே போனது சிங்கப்பூர் டெக்னாலஜீஸ். ஆண்டு 2002. காரணம் ஆளெதிர்ப்புக் கண்ணிவெடி. அதைத் தடை செய்ய 1997-ல் கையெழுத்தான ஒட்டாவா ஒப்பந்தத்தில் நார்வே ஆரம்பத்திலிருந்தே இருந்தது. தயாரிக்க மாட்டேன் என்று உலகத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, தயாரிப்பவனின் லாபத்தில் பங்கு வாங்கலாமா என்று கேள்வி வந்தபோது பதில் சொல்ல முடியவில்லை. இந்த வாதம் எவ்வளவு எளிமையானது என்று வன்னியில் வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அதே 2002 பிப்ரவரியில்தான் நார்வேயின் அனுசரணையில் இலங்கையில் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த ஆண்டிலிருந்து அங்கே மிதிவெடி அகற்றும் பெரிய வேலை தொடங்கி, இன்றைக்கும் நிலத்தை அங்குலம் அங்குலமாகக் கிளறிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு கம்பெனியைத் தள்ளினால் போதாது, ஒழுங்கான விதி வேண்டும் என்று சட்டப் பேராசிரியர் ஹான்ஸ் பெட்டர் கிராவர் தலைமையில் குழு போட்டார்கள். 2003-ல் அறிக்கை, 2004 கடைசியில் நெறிமுறை விதிகள், கூடவே ஐந்து பேர் கொண்ட ஒரு நெறிமுறைக் குழு. கிராவர் குழு பிடித்த கோடு எனக்குக் கூர்மையான ஒன்றாகப் படுகிறது. ஆயுதம் செய்கிறவன் எல்லாம் வேண்டாம் என்று அது சொல்லவில்லை. 'வழக்கமான பயன்பாட்டிலேயே' அடிப்படை மனிதாபிமான நெறிகளை மீறும் ஆயுதங்கள் மட்டும் வேண்டாம் என்றது.

'வழக்கமான பயன்பாட்டிலேயே' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. துப்பாக்கியைத் தப்பாகவும் பயன்படுத்தலாம், சரியாகவும் பயன்படுத்தலாம். கொத்துக்குண்டு அப்படி இல்லை. சிபியு-87 என்ற அமெரிக்கக் கொத்துக்குண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குண்டுக்குள் 202 குட்டிக் குண்டுகள். ஒவ்வொன்றும் குளிர்பானக் கேன் அளவு, பளிச்சென்ற மஞ்சள் நிறம். வானில் திறந்து ஒரு பெரிய வட்டத்தில் சிதறும். கையேட்டில் சொன்னபடி அச்சுப் பிசகாமல் போட்டாலும் அந்த வட்டத்துக்குள் யார் நிற்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. வெடிக்காமல் விழுந்தவை வயலிலும் வாய்க்காலிலும் கிடந்து, போர் முடிந்த பிறகு ஆடு மேய்க்கப் போகும் பிள்ளையின் கையில் வெடிக்கும். 2001-ல் ஆப்கானிஸ்தானில் இன்னொரு கொடுமையும் சேர்ந்தது. அமெரிக்க விமானங்கள் பசித்த மக்களுக்குப் போட்ட உணவுப் பொட்டலமும் அதே மஞ்சள். எடுக்காதீர்கள், பார்த்து எடுங்கள் என்று வானொலியில் அறிவிக்க வேண்டியிருந்தது. அப்புறம் பொட்டலத்தின் நிறத்தை மாற்றினார்கள். குண்டின் நிறத்தை இல்லை.

கொத்துக்குண்டுக் கம்பெனிகள் 2005-ல் பட்டியலில் ஏறின: லாக்ஹீட் மார்ட்டின், ரேதியான், ஜெனரல் டைனமிக்ஸ் என்று பெரிய பெயர்கள். அப்போது கொத்துக்குண்டுக்கு உலகத் தடை ஒப்பந்தமே இல்லை. அது 2008 டிசம்பரில் ஓஸ்லோவில்தான் கையெழுத்தானது. அடுத்து 2006 ஜனவரியில் அணு ஆயுதம். போயிங், நார்த்ரப் கிரம்மன், ஹனிவெல், சஃப்ரான், பிஏஇ சிஸ்டம்ஸ். பிஏஇ எப்படி வந்தது? எம்பிடிஏ என்ற ஏவுகணைக் கம்பெனியில் அதற்குப் பங்கு உண்டு. பிரெஞ்சு விமானப்படையின் அணு ஏவுகணையை எம்பிடிஏ செய்கிறது. அவ்வளவுதான். கப்பலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அப்போது பிரதமர் யார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: யென்ஸ் ஸ்டோல்டன்பெர்க்.

பீரங்கி செய்கிறவன், டாங்கி செய்கிறவன், துப்பாக்கி செய்கிறவன் எவனுக்கும் இதில் தடை இல்லை. ஆயுதத்தை எதிர்க்கும் நிதி என்று இதை வெளியூரில் புகழும்போது பலருக்கு இது தெரிவதில்லை. நார்வேயே ஆயுதம் செய்து விற்கும் நாடு. கப்பல் எதிர்ப்பு ஏவுகணை செய்யும் காங்ஸ்பெர்க் கம்பெனியில் பாதி அரசுக்குச் சொந்தம்.

விற்ற பிறகு சொல்வது

ஒரு கம்பெனியைத் தள்ளும் முறை நிதானமானது. நெறிமுறைக் குழுவின் அலுவலகம் விவரம் திரட்டும். கம்பெனிக்குக் கடிதம் போகும். எழுதியதை அவர்களுக்கே அனுப்பிக் கருத்துக் கேட்பார்கள். பிறகு பரிந்துரை. முன்பு நிதியமைச்சகம் முடிவெடுத்தது. 2015-லிருந்து அந்த அதிகாரம் மத்திய வங்கிக்கு. முடிவெடுத்ததும் அறிவிக்க மாட்டார்கள். முதலில் சத்தம் காட்டாமல் பங்குகளை விற்று முடிப்பார்கள். முன்பே தெரிந்தால் விலை விழும், நார்வே மக்களின் பணம் கரையும். எல்லாம் கைவிட்டுப் போன பிறகுதான் பரிந்துரையும் காரணமும் பொதுவில் வரும்.

ஆயுதம் இந்தப் பட்டியலின் ஒரு பகுதிதான். சுற்றுச்சூழல், மனித உரிமை, புகையிலை என்று வேறு வாசல்களும் உண்டு. தூத்துக்குடி ஸ்டெர்லைட்டும் மேட்டூர் மால்கோவும் அடங்கிய வேதாந்தா குழுமம் 2007-ல் அப்படித்தான் வெளியேற்றப்பட்டது. 13 பேர் சுடப்பட்டுச் செத்து ஆலை மூடப்படுவதற்குப் பதினோரு வருடம் முன்பே ஓஸ்லோவில் உட்கார்ந்து யாரோ தூத்துக்குடியைப் பற்றிய அறிக்கைகளைப் படித்திருக்கிறார்கள். இந்த வாசல்கள் சில சமயம் விசித்திரமாகத் திறக்கும். இஸ்ரேலின் எல்பிட் சிஸ்டம்ஸ் ட்ரோன் செய்யும் கம்பெனி. 2009-ல் அதை நீக்கினார்கள், ட்ரோனுக்காக இல்லை. மேற்குக் கரையில் கட்டிய தடுப்புச் சுவருக்குக் கண்காணிப்புக் கருவி கொடுத்ததற்காக.

சரி, விற்றால் என்ன ஆகிறது? நேரடியாகப் பார்த்தால் ஒன்றும் ஆகாது. பங்குச் சந்தையில் ஒருவர் விற்றால் இன்னொருவர் வாங்குகிறார். கம்பெனியின் கல்லாவிலிருந்து ஒரு காசும் போவதில்லை. இந்த நிதி தன் விதிகளில் அப்படிப் பெருமை பேசவும் இல்லை. கம்பெனி செய்யும் குற்றத்துக்கு நாம் உடந்தையாக இருக்க வேண்டாம் என்பதுதான் அதன் அடிப்படை வாதம். ஆயுதத்தை நிறுத்துவது நோக்கம் இல்லை, கை கழுவுவதுதான் நோக்கம். கை கழுவுவது என்றால் நமக்கு இளக்காரமாகத் தோன்றும். ஆனால் உலகத்தைத் திருத்தப்போகிறேன் என்று சொல்லும் பல முதலீட்டு விளம்பரங்களைவிட இது நேர்மையானது என்றே நினைக்கிறேன்.

ஆனாலும் நிறையப் பேர் சேர்ந்து கை கழுவினால் தண்ணீர் ஓடத்தான் செய்கிறது. பெல்ஜியம் 2007-ல் கொத்துக்குண்டுத் தொழிலுக்குப் பணம் போவதைச் சட்டம் போட்டே தடுத்தது. அதே ஆண்டு நெதர்லாந்தில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி, ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் செவிலியரும் சேர்த்த ஓய்வூதியப் பணம் கொத்துக்குண்டிலும் கண்ணிவெடியிலும் இருப்பதைக் காட்டியது. பெரிய கூச்சல். 2013-ல் அங்கேயும் தடை. அமெரிக்காவின் டெக்ஸ்ட்ரான் 2016 ஆகஸ்டில் கொத்துக்குண்டுத் தயாரிப்பை விடுவதாக அறிவித்தது. விற்பனையும் குறைந்துவிட்டது, அரசியல் சூழலும் சரியில்லை என்பது அது சொன்ன காரணம். அந்தக் குண்டுகளை வாங்கியவர்களில் இந்திய விமானப்படையும் உண்டு, 512 குண்டுகளுக்கு ஒப்பந்தம். முதலில் வெளியே போன சிங்கப்பூர்க் கம்பெனியும் 2015-ல் கண்ணிவெடியும் கொத்துக்குண்டும் இனிச் செய்வதில்லை என்று சொல்லிப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டது.

தென்கொரியாவின் ஹன்வா செய்தது வேறு தந்திரம். 2020-ல் கொத்துக்குண்டுப் பிரிவை மட்டும் தனிக் கம்பெனியாகப் பிரித்து வெளியே தள்ளிவிட்டது. தாய்க் கம்பெனி சுத்தம், ஐரோப்பிய முதலீட்டாளர் வரலாம். குண்டு தயாரிப்பு நிற்கவில்லை. பெயர்ப்பலகைதான் மாறியது. பங்கை விற்று வெளியேறும் வழியின் பலமும் பலவீனமும் இந்த ஒரு கம்பெனியிலேயே தெரிகிறது.

இதற்கு விலையும் உண்டு. ஆயுதம், புகையிலை போன்ற பொருள்களைத் தள்ளியதால் நிதியின் வருமானம் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று மத்திய வங்கியே கணக்குக் காட்டுகிறது. பெரிய குறைவு இல்லை. உக்ரைன் போருக்குப் பிறகு ஆயுதப் பங்குகள் ஏறியபோதுதான் அது கண்ணை உறுத்த ஆரம்பித்தது.

கலிஃபோர்னியாவில் இந்தக் கேள்வி வேறு ரூபத்தில் வந்தது. 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் கொன்ற புஷ்மாஸ்டர் துப்பாக்கியைச் செய்த கம்பெனி, செர்பெரஸ் என்ற தனியார் முதலீட்டு நிறுவனத்தின் கையில் இருந்தது. செர்பெரஸில் பணம் போட்டிருந்தவர்களில் ஒருவர் கலிஃபோர்னியா ஆசிரியர் ஓய்வூதிய நிதி. ஆசிரியரின் பென்ஷன், வகுப்பறையில் சுட்ட துப்பாக்கியில். நான்கே நாளில் அந்தக் கம்பெனியை விற்கப்போவதாக செர்பெரஸ் அறிவித்தது. வாங்க ஆள் வரவில்லை. பங்குச் சந்தையில் நொடியில் விற்கலாம். தனியார் முதலீட்டுக் குளத்தில் மாட்டிய பணத்தை உருவி எடுக்க ஆசிரியர் நிதிக்கு 2015 வரை ஆனது.

காஸாவும் மைக்ரோசாஃப்டும்

2021-ல் நார்வே தன் விதியில் ஒரு வரியைச் சேர்த்தது. எந்த ஆயுதம் என்பது மட்டும் இல்லை, யாருக்கு விற்கிறாய் என்பதும் கணக்கு. போர்ச் சட்டங்களைத் தொடர்ந்து கடுமையாக மீறும் அரசுக்கு ஆயுதம் விற்றாலும் வெளியேற்றலாம். பார்க்கச் சின்ன வரி. ஆனால் பொருளைப் பார்ப்பது ஒன்று, வாங்குகிறவனைப் பார்ப்பது வேறு. கொத்துக்குண்டு எங்கே இருந்தாலும் கொத்துக்குண்டுதான். வாங்குகிறவன் விஷயத்தில் அரசியல் உள்ளே வந்துவிடும்.

வந்தது. 2025 ஆகஸ்டில் நார்வேப் பத்திரிகை ஒன்று, இஸ்ரேலின் பெத் ஷெமேஷ் எஞ்சின்ஸில் நிதிக்கு இரண்டு சதவீதப் பங்கு இருப்பதை வெளியிட்டது. இஸ்ரேலியப் போர் விமானங்களின் எஞ்சினுக்குப் பராமரிப்பு செய்யும் கம்பெனி அது. பங்கை வாங்கியதும் காஸா போர் தொடங்கிய பிறகு. நார்வேயில் தேர்தலும் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு வாரத்துக்குள் இஸ்ரேலில் நிதியின் பணத்தை நிர்வகித்த வெளி மேலாளர்களின் ஒப்பந்தங்களை ரத்து செய்து, 11 கம்பெனிகளின் பங்குகளை விற்றார்கள். ஆகஸ்ட் 25 அன்று ஐந்து இஸ்ரேலிய நிதி நிறுவனங்களோடு கேட்டர்பில்லரையும் விலக்கினார்கள். பாலஸ்தீனர்களின் வீடுகளை இடிக்கப் பயன்படும் புல்டோசர் அதனுடையது. அந்த ஒரு கம்பெனியில் மட்டும் 200 கோடி டாலருக்கு மேல் பங்கு இருந்தது. புல்டோசரை ஆயுதம் என்று எந்த ஒப்பந்தமும் சொல்லவில்லை. வாஷிங்டன் கொதித்தது. வரி போடுவோம், விசாவை நிறுத்துவோம் என்று ஒரு செனட்டர் வெளிப்படையாக மிரட்டினார்.

கேட்டர்பில்லர் போனால் போகட்டும், நிதிக்கு வலிக்காது. அடுத்த படியில்தான் பயம் இருந்தது. இஸ்ரேல் ராணுவம் மைக்ரோசாஃப்ட், அமேசான், கூகுள் எல்லோருடைய கிளவுட் சேவையையும் பயன்படுத்துகிறது என்று பேச்சு எழுந்தபோது, அதே தர்க்கத்தை அப்படியே நீட்டினால் அவற்றையும் விற்க வேண்டிவரும். இந்த நிதியின் வளர்ச்சியே பெருமளவு அந்தக் கம்பெனிகளின் வளர்ச்சி. அவற்றை எடுத்துவிட்டால் உலகச் சந்தையைப் பின்தொடரும் நிதி என்று அதைச் சொல்லவே முடியாது.

இந்த வாதத்தை நாடாளுமன்றத்தில் வைத்தவர் நிதியமைச்சர். பெயர் யென்ஸ் ஸ்டோல்டன்பெர்க். 2006-ல் அணு ஆயுதக் கம்பெனிகளை வெளியேற்றிய அரசின் பிரதமர், பின்பு 2014 முதல் 2024 வரை நேட்டோவின் பொதுச் செயலாளர், 2025-ல் ஊர் திரும்பி நிதியமைச்சர். 2025 நவம்பர் 4 அன்று நாடாளுமன்றம் அவர் பக்கம் வாக்களித்தது. விதிகளை மறுபடி எழுத ஒரு குழு. அது வேலையை முடிக்கும் வரை நெறிமுறைக் குழு புதிதாக யாரையும் விலக்கச் சொல்லிப் பரிந்துரைக்காது. இருபது வருடமாக உலகம் முழுக்க ஓய்வூதிய நிதிகள் காப்பியடித்த ஏற்பாடு, பிறந்த வீட்டிலேயே நிறுத்திவைக்கப்பட்டது.

அவர் மாறிவிட்டார் என்று திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது முழு உண்மையாகத் தெரியவில்லை. மாறியது அண்டை வீட்டு நிலைமை. ரஷ்யாவோடு ஏறக்குறைய 200 கிலோமீட்டர் நில எல்லை உள்ள நாடு இது. 2006-ல் அந்த எல்லை தூங்கியது, இப்போது இல்லை. நேட்டோவின் அணுக் குடையின் கீழ் நின்றுகொண்டு, குடைக் கம்பி செய்கிறவனின் பங்கு மட்டும் தீட்டு என்பது அன்றைக்கும் முரண்தான். அன்று அது யாரையும் உறுத்தவில்லை. அதே சமயம் அவர் சொன்ன காரணத்தையும் கவனிக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் செய்வது சரி என்று அவர் வாதாடவில்லை. விற்க முடியாத அளவுக்குப் பெரியது என்றுதான் வாதாடினார். சின்னக் கம்பெனி தப்பு செய்தால் வெளியே, பெரிய கம்பெனி செய்தால் விதியைத் திருத்துவோம் என்று கேட்பவர் காதில் விழுந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஏற்கெனவே விலக்கியவை விலக்கியபடியே இருக்கின்றன. பிஏஇ சிஸ்டம்ஸும் அதில் அடக்கம். நார்வேக்கான முதல் கப்பல் 2029-ல் வந்து சேர வேண்டும்.